கவிக்கடல் மவுஸ் பிடித்த மதியம்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கூட்டம் வாய்த்திருக்கும். சில ஊர்களில் சீட்டாடுகிறவர்கள், சில ஊர்களில் வாய்க்கால் தகராறுக்காகவே உயிர் வாழ்கிறவர்கள். எங்கள் செங்கால்பட்டிக்கு வாய்த்தவர்கள் மூன்று கவிஞர்கள். சீட்டாடுகிறவர்களாக இருந்திருந்தால் அவர்கள் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்து ஆடியிருப்பார்கள்.

மூவரும் சேர்ந்ததுதான் செங்கால்பட்டி செந்தமிழ்க் கவிமன்றம். தலைவர் கவிக்கடல் தாண்டவராயன், மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். செயலாளர் சந்தச் சூறாவளி பூவராகன், உரக்கடை வைத்திருக்கிறவர். துணைத்தலைவர் வெண்பா வேழம் குமரகுரு, பத்திரம் எழுதுகிறவர். இந்தப் பட்டங்களைக் கொடுத்தது யார் என்று நீங்கள் கேட்கலாம். கடலுக்குச் சூறாவளி கொடுத்தார், சூறாவளிக்கு வேழம் கொடுத்தார், வேழத்துக்குக் கடல் கொடுத்தார். வெளியாள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

சம்பவம் நடந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். பரிமளாவின் ஜெராக்ஸ் கடைக்குப் பட்டா நகல் எடுக்கப் போயிருந்தேன். ஐந்து நிமிட வேலை. இரண்டே காலுக்குப் போனவன் ஐந்து மணிக்குத்தான் கிளம்பினேன், அதுவும் நகல் இல்லாமல். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் இதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

மொரீஷியஸ் தீவில் மூன்று நாள் கவிப்பெருவிழா என்று ஓர் அறிவிப்பு வந்திருந்தது. மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். கம்ப்யூட்டர் வழியாக மட்டும்தான் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு வாசல் மூடப்படும். மன்றத்தார் அனைவருக்கும் விமானச் செலவு விழாக் குழுவினுடையது. கடைசியில் ஒரு விதி: விண்ணப்பத்தைக் கவிஞர் தம் கையாலேயே பூர்த்தி செய்ய வேண்டும்.

இதில் கவிக்கடலுக்குத்தான் உயிர்ப் பிரச்சினை. அவருடைய சம்பந்தி உலகநாதன் இரண்டு தடவை சிங்கப்பூர் போய் வந்தவர். காதுகுத்து, கிரகப்பிரவேசம், துக்க வீடு எதுவானாலும் விமானத்தில் பெல்ட் போட்ட கதையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். நான்கு வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்த கவிக்கடல், அறிவிப்பைப் பார்த்த அன்றைக்கே சம்பந்திக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் மொரீஷியஸில் உலக மேடையில் கவிதை படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். விண்ணப்பம் போடுகிற விஷயம் அதற்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வழியனுப்பு விழா என்று மண்டபம் பேசி, நாதஸ்வரத்துக்கும் சொல்லிவிட்டார். "போயிட்டு வந்து எப்படிப் படிச்சீங்கன்னு நான் கேப்பேன் சம்பந்தி. மேடை ஏறலைன்னா அப்புறம் எனக்கு முன்னால வாயைத் திறக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் கவிக்கடலுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆகவே வெள்ளிக்கிழமை இரண்டே காலுக்கு மூவரும் ஜரிகை வேட்டி, சந்தனப் பொட்டு சகிதமாகப் பரிமளாவின் கடைக்குள் நுழைந்தார்கள். கவிதைகளைப் பரிமளா முந்தின நாளே டைப் அடித்து, மன்றத்தின் பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள். விண்ணப்பப் பக்கத்தையும் திரையில் திறந்து வைத்திருந்தாள். "உக்காருங்கய்யா, ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுறேன்" என்றாள்.

பத்திர எழுத்தரான குமரகுரு விதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். தம் கையாலேயே என்றால் தம் கையாலேயே. வேறு கை பட்டால் ஆவணம் செல்லாது. பரிமளாவை அவளுடைய நாற்காலியிலிருந்தே எழுப்பிவிட்டார்கள். அவள் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து லேமினேஷன் வேலையைப் பார்த்துக்கொண்டே, செய்ய வேண்டியதை வாயால் மட்டும் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

கவிக்கடல் நாற்காலியில் அமர்ந்தார். பரிமளா மவுஸைக் கையில் எடுக்கச் சொன்னாள். எடுத்தார்.

கறுப்பாக, ஒயர் வைத்து, கைக்கு அடக்கமாக ஒரு பொருளைக் கொடுத்தால் நீங்களும் நானும் என்ன செய்வோமோ தெரியாது. முப்பது வருடம் மேடையில் பழகியவர் செய்வது ஒன்றுதான். அதை வாய்க்கு நேரே கொண்டுபோய், விரலால் இரண்டு தட்டுத் தட்டி, ஊதிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைத் தமிழே, அவையோரே" என்று ஆரம்பித்துவிட்டார். மவுஸின் அடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் அவர் மோவாயில் விழுந்துகொண்டிருந்தது.

மற்ற இருவரும் தலையை ஆட்டி ரசித்தார்கள். எட்டு வரி ஆனதும் பூவராகன் மட்டும் லேசாகச் சந்தேகப்பட்டு, ஒலி வரவில்லையே என்றார். குமரகுரு, ஒலி மொரீஷியஸில் வரும், இங்கே எதற்கு வர வேண்டும் என்று விளக்கினார்.

"ஐயா, அதுல பேசக் கூடாது. மேசை மேல வெச்சு நகத்தணும். அப்பதான் திரையில அந்த அம்பு நகரும்" என்றாள் பரிமளா. அவள் குரலில் அப்போது இன்னும் பொறுமை இருந்தது.

மேசையில் பசை டப்பா, ஸ்டேப்ளர், ரேஷன் கார்டு அடுக்கு எல்லாம் போக ஒரு சாண் இடம்தான் மிச்சம். ஃபோல்டர் இருந்தது திரையின் இடது கோடியில். கவிக்கடல் மவுஸை இழுத்தார். பாதி வழியில் மேசை முடிந்துவிட்டது. அம்பும் நின்றுவிட்டது.

தூக்கி மறுபடி நடுவில் வைத்து நகர்த்தினால் போதும் என்றாள் பரிமளா. வெண்பா வேழத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"நடுவுல தூக்குறதா? ஓர் அடியை ஆரம்பிச்சா முடியுற வரைக்கும் அறுபடக் கூடாதும்மா. பாதியில தூக்கினா தளை தட்டும்."

"அய்யா, அது மவுஸு."

"எதுவா இருந்தா என்னம்மா? ஓட்டம் ஓட்டம்தான்."

கவிக்கடல் கையை எடுக்காமல் அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்க, மற்ற இருவரும் ஆலோசித்தார்கள். மேசையை நீட்டுவது என்று முடிவாயிற்று. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து என்னை எழுப்பினார்கள். பெஞ்சு மேசையைவிடத் தாழ்வாக இருந்ததால், கட்டுப் பிரிக்காத ஜெராக்ஸ் பேப்பர் ஒன்பது கட்டுகளை அதன் மேல் அடுக்கிச் சமன் செய்தார்கள். பூவராகன் உர மூட்டை அடுக்கிப் பழகியவர் என்பதால் அந்த வேலை மட்டும் சுத்தமாக நடந்தது. கவிக்கடல் மவுஸை மேசையிலிருந்து பேப்பர் கட்டுகளுக்கு ஏற்றி, வாசல் வரைக்கும் ஒரே ஓட்டமாகக் கொண்டுபோனார். அம்பு ஃபோல்டரைத் தொட்டது. மணி மூன்று. கடைக்கு வந்த இரண்டு பேர் வாசலில் இருந்த பெஞ்சைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போனார்கள்.

"இப்ப இடது பக்கப் பட்டனை ரெண்டு தட்டு தட்டுங்க. திறந்துக்கும்" என்றாள் பரிமளா.

இங்கேதான் மன்றத்தின் மரபு குறுக்கே வந்தது. எங்கள் ஊர்க் கவியரங்கத்தில் எந்த வரியையும் இரண்டு முறை சொல்வார்கள். முதல் முறை சொன்னதும் நிறுத்த வேண்டும். கூடியிருப்பவர்கள் "ஆகா, மறுமுறை" என்பார்கள். அதற்குப் பிறகே இரண்டாம் முறை. யாரும் கேட்காமல் இரண்டாம் முறை சொல்கிறவனைப் பேராசைக்காரன் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கவிக்கடல் ஒரு தட்டு தட்டினார். நிறுத்தினார். நிமிர்ந்து இருவரையும் பார்த்தார்.

"ஆகா, மறுமுறை" என்றார்கள் இருவரும்.

இன்னொரு தட்டு தட்டினார். ஃபோல்டர் நீல நிறமாகி அப்படியே கிடந்தது. திரும்பவும் செய்தார்கள். பதினோரு தடவை செய்தார்கள். ஒருவேளை பாராட்டு போதவில்லையோ என்று கைதட்டலையும் சேர்த்துப் பார்த்தார்கள். என்னையும் ஆகா சொல்லச் சொன்னார்கள். பட்டா நகல் கிடைக்குமே என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

பரிமளா லேமினேஷன் மெஷினை நிறுத்திவிட்டு, நடுவில் இடைவெளியே விடக் கூடாது என்றாள். அது முடியவே முடியாது என்றார் பூவராகன். முதல் தட்டுக்கு வரவேற்பு இருந்ததா இல்லையா என்று தெரியாமல் இரண்டாவது தட்டை எந்த முகத்தோடு தட்டுவது? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மணி மூன்றே முக்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

வழி கண்டுபிடித்தவர் குமரகுரு. பத்திரத்தில் முன்பணம் வாங்கிக்கொள்வது இல்லையா, அதுபோலப் பாராட்டையும் முன்கூட்டியே செலுத்திவிடலாம் என்றார். அதன்படி இருவரும் எழுந்து நின்று, இன்னும் தட்டப்படாத தட்டுக்காக ஒரு நிமிடம் கைதட்டி, ஆகா சொல்லி, மறுமுறையும் கேட்டு முடித்தார்கள். கடன் தீர்ந்த நிம்மதியில் கவிக்கடல் டக் டக்கென்று இரண்டு தட்டு தட்டினார். ஃபோல்டர் திறந்துகொண்டது.

அந்தச் சந்தோஷத்தில் டீ சொல்லி, குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்தபோது மணி நாலு இருபது.

அடுத்த வேலை, ஃபோல்டரில் இருக்கும் கவிதைக் கோப்பை அம்பால் அழுத்திப் பிடித்து, விடாமல் இழுத்துக்கொண்டு போய், விண்ணப்பத்தில் இருக்கும் கட்டத்துக்குள் விடுவது. பிடித்ததை நடுவில் விட்டுவிடக் கூடாது என்று பரிமளா மூன்று தடவை சொன்னாள். கவிக்கடல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தார். கோப்பு நகர ஆரம்பித்தது. நல்ல வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

"மாண்புமிகு மன்றத் தலைவர், கவிக்கடல் ஐயா அவர்களே, இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்றார் பூவராகன்.

பட்டத்தோடு பேர் காதில் விழுந்த நொடியில் கவிக்கடலின் இரண்டு கைகளும் தாமாக எழுந்து குவிந்தன. முப்பது வருடப் பழக்கம், அவர் என்ன செய்வார். கோப்பு கைநழுவி, காதுகுத்துப் பத்திரிகை மாதிரிகள் வைத்திருந்த இன்னொரு ஃபோல்டருக்குள் விழுந்தது.

அங்கிருந்து இரண்டாம் முறை இழுத்தபோது குமரகுரு "கவிக்கடல் அவர்களே, கவனம்" என்று எச்சரித்தார். கைகள் குவிந்தன. கோப்பு திரையில் இருந்த குப்பைத்தொட்டிக்குள் போயிற்று. விண்ணப்பத்தைத்தான் அடுத்தவர் தொடக் கூடாது, குப்பைத்தொட்டி அதில் அடங்காது என்று குமரகுரு சட்டம் பேசி அனுமதித்ததால், பரிமளா எழுந்துவந்து அதை மீட்டுக் கொடுத்தாள். மூன்றாம் முறையும் விழுந்தது. அவள் மறுபடியும் எழுந்து வந்தபோது முகத்தில் பொறுமை இல்லை.

"ஏன் சார், வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உங்களால?" என்று கேட்டாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முடியாது என்று உண்மையைச் சொன்னார்கள்.

மணி நாலே முக்கால். மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் வந்து இறங்கிவிட்டதாகச் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. கவிக்கடலுக்கு நெற்றியில் சந்தனம் கரைந்து வழிந்தது. உலகநாதன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். அவர் தம் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"பட்டம் வேணாம். பேரைச் சொல்லியே கூப்பிடுங்க. மரியாதையே வேணாம். திட்டினாலும் பரவாயில்ல."

பூவராகனும் குமரகுருவும் பதறினார்கள். எங்களால் எப்படி முடியும், நாக்கு அழுகிவிடாதா என்றார்கள். அந்தத் தயக்கம் ஏறக்குறைய நாலு விநாடி நீடித்தது.

"ஏய் தாண்டவராயா, இழுடா" என்றார் பூவராகன்.

கை குவியவில்லை. கோப்பு நகர்ந்தது.

"வலது பக்கம் போடா மடையா. பொங்கல் மலர்ல என் பாட்டைப் பின்அட்டையில போட்டவன்தானே நீ" என்றார் குமரகுரு.

கோப்பு விண்ணப்பத்தின் ஓரத்தைத் தொட்டது. அதன் பிறகு இருவரையும் நிறுத்த முடியவில்லை. கோயில் திருவிழாவில் தன் நேரத்தையும் சேர்த்து அவரே படித்தது, அவர் பாட்டில் இருந்த ஒரே நல்ல வரி தான் எழுதிக் கொடுத்தது, ஆண்டுவிழாவில் தனக்கு நூல்துண்டு போட்டுவிட்டு அவர் மட்டும் பட்டு போட்டுக்கொண்டது என்று பூவராகன் வரிசையாக எடுத்துவிட்டார். குமரகுரு அவற்றை ஒவ்வொன்றாக வழிமொழிந்தார். இருபது வருடமாக ஊறப்போட்டிருந்தது அத்தனையும் அந்த மூன்று நிமிடத்தில் வெளியே வந்தது. இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு தெளிவை நான் எந்தக் கவியரங்கத்திலும் கண்டதில்லை.

கவிக்கடலின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் திட்டுகிறவனுக்கு யார் கைகூப்புவார்கள்? கை மவுஸிலேயே இருந்தது. கோப்பு கட்டத்துக்குள் விழுந்தது. பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது. "மாண்புமிகு கவிக்கடல் அவர்களே, வாழ்த்துகள்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில், ஒன்றுமே நடக்காத மாதிரி.

மணி நாலு ஐம்பத்தாறு. மிச்சம் ஒரே ஒரு கேள்வி. கலந்துகொள்ளும் விதம்: கவிஞராக, பார்வையாளராக. இரண்டுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு வட்டம். கவிதை கேட்க ஆள் கிடைக்காது என்று விழாக் குழுவுக்கு அனுபவம் இருந்திருக்க வேண்டும், பார்வையாளருக்கும் விமானச் செலவு உண்டு என்று கீழே போட்டிருந்தார்கள்.

"கவிஞராகங்கிற வட்டத்துல ஒரு தட்டு, அனுப்புகங்கிற இடத்துல ஒரு தட்டு. அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றாள் பரிமளா.

கவிக்கடல் அம்பைக் கவிஞராக என்பதற்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு தலையை ஆட்டினார்.

"நான் கவிஞன்னு நானே எப்படிம்மா சொல்லிக்கிறது?"

நான் முதலில் அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவையடக்கம் என்று ஒன்று இருக்கிறதாம். மேடை ஏறியதும் முதலில் நான் கவிஞனே அல்லன், ஏதும் அறியாச் சிறியேன் என்று சொல்ல வேண்டும். அவை உடனே, அப்படிச் சொல்லாதீர்கள், உங்களைவிட்டால் யார் என்று மறுக்க வேண்டும். அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் கவிஞன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் கவிஞன் என்று குத்திவிட்டு வந்தால் மொரீஷியஸ்காரர்கள் நம் வளர்ப்பைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

மற்ற இருவரும் இதில் ஒரு நொடிகூட விவாதிக்கவில்லை. அந்த மதியம் முழுக்க மூவரும் ஒரே மனதாக இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

"ஐயா, அது மெஷினு. மறுத்தெல்லாம் பேசாது" என்று பரிமளா எழுந்தே விட்டாள்.

"பேசும்மா. அங்கே இருக்கிறவங்களும் தமிழங்கதானே" என்று சொல்லி, கவிக்கடல் பார்வையாளராக என்ற வட்டத்தில் பணிவோடு ஒரு தட்டு தட்டினார். அனுப்புக என்பதில் இன்னொரு தட்டு. பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, தலையை லேசாகத் தாழ்த்தி, மறுப்புக்காகக் காத்திருந்தார்.

நன்றி, உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தது. மூவரும் இன்னும் காத்திருந்தார்கள். ஐந்து மணிக்குப் பக்கம் மூடிக்கொண்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதே மறுப்புக்குச் சமம்தான் என்று குமரகுரு தீர்ப்புச் சொல்ல, மூவரும் கட்டித் தழுவிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்கள். பரிமளா எனக்கு நகல் எடுத்துத் தர மறுத்துவிட்டாள். அன்றைக்கு இனிமேல் மவுஸைத் தொடுவதாக இல்லை என்றாள்.

பத்து நாள் கழித்து மூவருக்கும் விமான டிக்கெட் வந்தது. கூடவே கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டையும் வந்தது. அட்டையில் பார்வையாளர் என்று இருந்தது. கவிக்கடல் ஒரு வேளை சாப்பிடவில்லை. ஆனால் வழியனுப்பு விழா நடந்து, சம்பந்தி கையால் மாலையும் விழுந்தாயிற்று. போகாமல் இருக்க முடியாது. அங்கே போய், பார்க்கிறவர்களிடம் பணிவாக நடந்துகொண்டால் யாராவது மேடைக்கு இழுத்துவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

அங்கே நடந்ததைக் குமரகுருதான் பிறகு என்னிடம் சொன்னார், அதுவும் ஏதோ பெருமையான விஷயம் போல.

எங்கெங்கோ இருந்த தமிழ் மன்றங்களிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கியிருந்தார்கள். எல்லார் கையிலும் கவிதைக் கட்டு. எல்லார் கழுத்திலும் பார்வையாளர் என்ற அட்டை. அத்தனை பேரும் நல்ல வளர்ப்பு.

விழாக் குழுத் தலைவர் அந்தத் தீவிலேயே நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பத்துப் பெரிய மனிதர். தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டவர், சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர். காலியாகக் கிடந்த மேடையில் நின்று, இந்த அவையில் கவிஞர் யாரேனும் உண்டா என்று கேட்டார். முதல் வரிசையில் ஒருவர் எழுந்து, யான் கவிஞன் அல்லன், சிறியேன் என்றார். நன்றி ஐயா, அமருங்கள் என்றார் தலைவர். அடுத்தவர் எழுந்து தாம் அவரைவிடச் சிறியேன் என்றார். அவரையும் உட்காரச் சொன்னார். இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக எழுந்து மறுத்து முடிக்க மூன்று நாள் சரியாக இருந்தது. கவிக்கடலின் முறை இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்ததாம். மிக அருமையாக மறுத்தார் என்றார் குமரகுரு.

ஊர் திரும்பிய அன்று விமான நிலைய வாசலில் உலகநாதன் வேனோடு நின்றிருந்தார். கவிக்கடல் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"என்ன சம்பந்தி, உலக மேடையில எப்படிப் படிச்சீங்க?"

கவிக்கடல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"முந்நூத்திப் பன்னெண்டு பேரு வந்திருந்தாங்க, சம்பந்தி. என்னைவிட நல்லா ஒருத்தன்கூடப் படிக்கல."